தகடூர் நாட்டுத் தண்ணீரும் உணவும்



உடலில் சேர்ந்த நஞ்சை நீக்கிக்கொள்வது எப்படி என்னும் கேள்வி இக்காலத்தில் எங்கும் எழுகின்றது. அதற்கு விடை சொல்பவர்களும் பலர் இருக்கின்றார்கள். ஒருவர் மூன்று நாள் பழச்சாறு மட்டும் பருகச் சொல்கிறார். மற்றொருவர் ஏதோ ஒரு சூரணத்தை வெந்நீரில் கலந்து குடிக்கச் சொல்கிறார். இவர்களிடம் நாம் கேட்க வேண்டிய கேள்விகள் நான்கு உண்டு. எந்த நஞ்சு? அஃது எவ்வழியே உடலுள் புகுந்தது? புகுந்தபின் எங்கே தங்குகின்றது? எவ்வழியே வெளியேறும்? இந்த நான்குக்கும் விடையில்லாமல் சுத்தியைப் பற்றிப் பேசுவது, நோய் இன்னதென்று அறியாமல் மருந்து கொடுப்பதைப் போன்றதாகும்.

இந்த நான்கு கேள்விகளுக்கும் ஏறத்தாழ முழுமையான விடை கிடைத்திருக்கும் ஓரிடம் நம் நாட்டிலேயே உண்டு. அது தருமபுரி மாவட்டம். அங்கே உணவிலும் நீரிலும் கலந்து வந்த நஞ்சின் பெயர் புளோரைடு. அதன் வரலாற்றைத்தான் இன்று மாணவ நண்பர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

தருமபுரிக்குப் பழைய பெயர் தகடூர். அதியமான் நெடுமான் அஞ்சி ஆண்ட ஊர் அது. கிடைத்தற்கரிய நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல் ஔவையாருக்கு அவன் கொடுத்த செய்தியை நீங்கள் பள்ளிப் பாடத்திலேயே படித்திருப்பீர்கள். பின்னாளில் இப்பகுதி சேலம் மாவட்டத்தில் அடங்கியிருந்தது. 1965 அக்டோபர் 2 ஆம் நாள் தனி மாவட்டமாயிற்று. 2004 இல் அதிலிருந்து கிருஷ்ணகிரி மாவட்டம் பிரிந்தது. நிலம் மேடும் பாறையுமானது. ஆண்டுக்கு ஏறத்தாழ 850 மில்லிமீட்டர் மழை பெய்கின்றது. கேழ்வரகும் சாமையும் இந்த மண்ணின் பழைய பயிர்கள். சாலையோரங்களிலும் தோப்புகளிலும் புளியமரங்கள் நிறைந்திருக்கின்றன. தருமபுரிப் புளிக்கு வெளியூர்ச் சந்தைகளில் நல்ல பெயர் உண்டு. மேற்கெல்லையில் ஒகேனக்கல்லில் காவிரி ஆர்ப்பரித்து வீழ்கின்றது. ஆயினும் ஆறு பள்ளத்தில் ஓட, ஊர்கள் மேட்டில் இருந்தன. அருவியைக் காண வெளியூரார் திரண்டு வந்த காலத்திலும், அங்கிருந்து சில கல் தொலைவில் இருந்த பென்னாகரம் வட்டத்துக் கிராமத்தார் குடிநீருக்குக் கிணற்றையே நம்பியிருந்தனர்.

இந்த மாவட்டத்துப் பள்ளிகள் சிலவற்றுக்கு நான் சென்றிருக்கிறேன். பிள்ளைகள் சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்வதைக் கண்டேன். முதலில் அதை நாணம் என்றே எண்ணத் தோன்றும். சற்று நேரம் பேசிக்கொண்டிருந்தால் காரணம் விளங்கும். பற்களில் சுண்ணம் பூசினாற்போன்ற வெண்திட்டுகள், சிலருக்கு மஞ்சள், சிலருக்குக் குறுக்கே ஓடும் பழுப்புக் கோடுகள். 'கறைப்பல்' என்று ஊரார் சொல்கிறார்கள். சரியாகப் பல் துலக்காததால் வந்தது என்று வீட்டிலும் பள்ளியிலும் திட்டு வாங்கிய பிள்ளைகள் எத்தனை பேரோ! துலக்கினாலும் அந்தக் கறை போகாது. அது பல்லின்மேல் படிந்த அழுக்கன்று. ஈறுக்குள் பல் உருவாகிக்கொண்டிருந்த காலத்திலேயே அதன் மேற்பூச்சாகிய எனாமலுக்குள் நேர்ந்த குறை.

இங்கே ஒரு நுட்பம் இருக்கின்றது. நிலைப்பற்களின் எனாமல், கடைவாயின் இறுதிப் பற்கள் நீங்கலாக, பெரும்பாலும் எட்டு வயதுக்குள் உருவாகி முடிந்துவிடுகின்றது. அதன்பின் எவ்வளவு புளோரைடு குடித்தாலும் பல்லில் கறை தோன்றாது. அதற்கு முன் குடித்திருந்தால் ஆயுள் முழுவதும் மறையாது. ஆகவே ஒருவனுடைய பல்லைப் பார்த்து, எட்டு வயதுக்குள் அவன் எத்தகைய நீரைக் குடித்து வளர்ந்தான் என்று ஊகித்துவிடலாம். கல்வெட்டைப் படிப்பவர் அரசனின் ஆட்சியாண்டைக் கணக்கிடுவது போன்றதே இதுவும்.

பல்லோடு நின்றால் கேடு சிறிது. ஒரு சிற்றூரில் பெரியவர் ஒருவர் திண்ணையில் அமர்ந்திருந்தார். யாரேனும் அழைத்தால் அவர் கழுத்தைத் திருப்புவதில்லை. உடம்பு முழுவதையும் திருப்பிக்கொள்வார். "என்ன ஐயா, வாதமா?" என்று கேட்டேன். "வாதம் என்றுதான் வைத்தியர்கள் எல்லாரும் சொன்னார்கள். எண்ணெய் தடவாத இடம் உடம்பில் இல்லை," என்றார். சிறுவயதில் ஏரி ஊற்றைத் தோண்டி நீர் குடித்ததாகவும், பின்பு ஊரில் போர் போட்ட பிறகு முப்பது ஆண்டுகள் அதன் நீரையே குடித்ததாகவும் அவர் சொன்னார். அவருடைய பற்களில் கறையில்லை. எலும்புகள்தாம் இறுகியிருந்தன. ஒரே மனிதருடைய உடம்பில் ஏரி நீரின் வரலாறும் போர் நீரின் வரலாறும் அடுத்தடுத்து எழுதப்பட்டிருந்ததை அன்று கண்டேன்.

இந்த நோயின் காரணத்தை உலகம் அறிந்துகொண்ட கதை மிகவும் சுவையானது. 1901 இல் பிரெடரிக் மக்கே என்னும் இளம் பல் மருத்துவர் அமெரிக்காவில் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரில் தொழில் தொடங்கினார். அவ்வூரில் பிறந்து வளர்ந்தவர்களின் பற்களில் பழுப்புக் கறை இருக்கக் கண்டு வியந்தார். வெளியூரிலிருந்து பெரியவர்களாக வந்து குடியேறியவர்களுக்கு அக்கறை இல்லை. பல் மருத்துவத்தில் அந்நாளில் பேரறிஞராகிய கிரீன் பிளாக் என்பவரும் 1909 முதல் அவருடன் சேர்ந்து ஆராய்ந்தார். காரணம் குடிநீரில் இருக்க வேண்டும் என்ற ஐயம் வலுத்தது. ஆனால் நீரைச் சோதித்தவர்கள் வழக்கமான பொருள்களைத் தவிர வேறொன்றையும் காணவில்லை.

1923 இல் ஐடஹோ மாநிலத்து ஓக்லி என்னும் ஊருக்கு மக்கே சென்றார். சில கல் தொலைவிலிருந்த ஒரு வெந்நீர் ஊற்றிலிருந்து ஊருக்குப் புதிதாகக் குழாய் போட்டிருந்தார்கள். அதன் பிறகே பிள்ளைகளின் பற்களில் கறை தோன்றியது என்று தாய்மார் முறையிட்டனர். அந்த நீரில் இன்ன பொருள் இருக்கிறது என்று மக்கேயால் அப்போது சொல்ல முடியவில்லை. ஆயினும் அந்த ஊற்றை விட்டு வேறோர் ஊற்று நீரைக் கொண்டுவருமாறு சொன்னார். ஊரார் அவ்வாறே செய்தார்கள். சில ஆண்டுகளில், பின் பிறந்த குழந்தைகளுக்கு முளைத்த பற்கள் கறையில்லாமல் இருந்தன. நஞ்சின் பெயர் தெரிவதற்கு முன்பே அதை நீக்கும் வழி தெரிந்துவிட்டது! இந்த நிகழ்ச்சியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெயர் தெரிந்தது 1931 இல். அலுமினியக் கம்பெனியொன்றின் தலைமை இரசாயன நூலாராகிய சர்ச்சில் என்பவர், அக்கம்பெனிக்குச் சொந்தமான பாக்சைட் என்னும் ஊரின் நீரை நுண்ணிய கருவிகளால் சோதித்தார். அதில் அளவுக்கு மிஞ்சிய புளோரைடு இருக்கக் கண்டார். முதலில் அவராலேயே அதை நம்ப முடியவில்லை என்பர். மக்கே அனுப்பிய பிற ஊர்களின் நீரிலும் அதுவே இருந்தது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். சென்னை மாகாணத்தின் வடபகுதியாகிய நெல்லூர் ஜில்லாவில் உடம்பு விறைத்து முதுகு வளைந்த மனிதர்கள் பலர் இருந்தனர். கிண்டி கிங் ஆராய்ச்சி நிலையத்தின் தலைவராயிருந்த ஷார்ட், மருத்துவராகிய மக்ராபர்ட், எக்ஸ்ரே நிபுணர் பர்னார்ட், நாயர் ஆகிய நால்வரும் இவர்களைச் சோதித்தனர். சென்னைப் பொது மருத்துவமனையில் இன்றும் பர்னார்டின் பெயரால் ஓர் எக்ஸ்ரே நிலையம் இருப்பதை நேயர்களில் சிலர் அறிந்திருப்பீர்கள். எக்ஸ்ரே படங்களில் முதுகெலும்பின் கணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டி மூங்கிற் கழிபோல் தெரிந்தன. காரணம் கிணற்று நீரிலுள்ள புளோரைடு என்று அவர்கள் 1937 இல் எழுதி வெளியிட்டனர். இந்தியாவில் இந்நோயைப் பற்றிய ஆராய்ச்சிக்கு அக்கட்டுரையே தொடக்கம். அதே ஆண்டில்தான் டென்மார்க்கின் ரோஹோம் என்னும் மருத்துவர், கிரையோலைட் என்னும் கனிமத்தூளைச் சுவாசித்த தொழிலாளர்களின் எலும்புகளைப் பற்றிப் பெருநூலொன்றை வெளியிட்டார். கோபன்ஹேகனில் ஆலைத் தொழிலாளிக்கு வந்த நோயும் நெல்லூரில் உழவனுக்கு வந்த நோயும் ஒன்றே.

கிண்டியில் ஆராய்ச்சி அதோடு நிற்கவில்லை. பண்டிட், ராகவாச்சாரி முதலியோர் 1940 இல் மற்றொரு கேள்வியை எழுப்பினார்கள். ஒரே அளவு புளோரைடுள்ள நீரைக் குடிக்கும் இரண்டு ஊர்களில், ஓரூரில் எலும்பு நோய் கடுமையாகவும் மற்றோரூரில் மெதுவாகவும் இருப்பானேன்? உணவைப் பார்த்தார்கள். வைட்டமின் சி குறைந்த ஏழை உணவை உண்டவர்களிடமே எலும்பு நோய் மிகுந்திருந்தது. நீரில் நஞ்சு ஒரே அளவாயிருந்தாலும், அது செய்யும் கேடு ஏழையின் தட்டுக்கும் செல்வனின் தட்டுக்கும் வேறாயிருந்தது. இந்தப் பண்டிட்டே 1949 இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் முதல் இயக்குநரானார். அதியமான் நாட்டு நெல்லிக்கனியில் வைட்டமின் சி மிக அதிகம் என்பதை இங்கே குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை. அதற்காக நெல்லி புளோரைடை முறிக்கும் மருந்து என்று நான் சொல்வதாக யாரும் எண்ணிவிட வேண்டாம். நன்றாக உண்டவனுடைய உடம்பு அந்த நஞ்சை ஓரளவு தாங்கியது என்பதற்கு மேல் அந்த ஆராய்ச்சி ஒன்றும் சொல்லவில்லை.

தருமபுரிக்கு இந்த நஞ்சு எப்படி வந்தது? எந்த ஆலையும் அதைக் கொண்டுவந்து கொட்டவில்லை. அது பாறையிலேயே இருக்கின்றது. இம்மாவட்டத்தின் அடிநிலம் நைஸ், சார்னோக்கைட் முதலிய பழம்பாறைகளாலானது. அவற்றிலுள்ள அபிரகம், ஹார்ன்பிளெண்டு, அபடைட் போன்ற கனிமங்களில் புளோரின் அடங்கியிருக்கின்றது. மழைநீர் பாறை வெடிப்புகளின் வழியே இறங்கி, நெடுங்காலம் அங்கே தங்கி, அதைக் கரைத்துக்கொள்கின்றது. நீரில் சுண்ணாம்புச் சத்து மிகுந்திருந்தால் புளோரைடு அதனோடு சேர்ந்து கரையாப் பொருளாகிப் படிந்துவிடும். வறண்ட நிலத்திலோ அந்தச் சுண்ணாம்பு சுக்கான் கல்லாகித் தனியே படிந்துபோகின்றது. பிடித்துவைப்பதற்கு ஆளில்லாமற்போகவே புளோரைடு நீரோடு நீராய் நின்றுவிடுகின்றது. ஆகையினால் உவர்ப்பில்லாத, குடிக்க இனிமையான, சோப்பு நன்றாக நுரைக்கும் மென்னீரிலும் இந்த நஞ்சு இருக்கக்கூடும். நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. நாவை நம்பி நீரை மதிப்பிட்ட நம் முன்னோருடைய அனுபவம் இங்கே பயன்படாமல் போயிற்று.

ஆழம் குறைந்த பழைய கிணறுகளிலும் ஏரி ஊற்றுகளிலும் ஆண்டுதோறும் புதுமழை நீர் கலந்துகொண்டிருந்தது. அந்நீர் முற்றிலும் குற்றமற்றதென்று நான் சொல்லமாட்டேன். காலராவும் நரம்புச் சிலந்தியும் அதிலிருந்துதான் வந்தன. நரம்புச் சிலந்தியின் நுண்புழுவைத் தாங்கிய சிறு நீர்ப்பூச்சிகள், மக்கள் இறங்கிக் கால் நனைத்து நீர் மொண்ட படிக்கிணறுகளில் வாழ்ந்தன. அந்தப் பிணிகளிலிருந்து கிராமத்தாரைக் காப்பாற்றவே ஆழ்குழாய்க் கிணறுகள் தோண்டப்பட்டன. 1967 ஆம் ஆண்டு வடநாட்டில் ஏற்பட்ட பெருவறட்சிக்குப் பிறகு, கடும்பாறையைத் துளைக்கும் இயந்திரங்கள் நாடெங்கும் பரவின. நம் பக்கத்துத் திருச்செங்கோடு, போர் போடும் லாரிகளுக்கு இந்தியா முழுவதும் பெயர் பெற்ற ஊராயிற்று. 1970 களில் 'இந்தியா மார்க் 2' என்னும் கைப்பம்பு உருவாயிற்று. அதைச் சென்னைத் தொழிற்சாலையொன்று பெருவாரியாகச் செய்தது. ஊர்ப் பொதுவிடங்களில் இன்றும் நிற்கும் அந்த இரும்புப் பம்பை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நரம்புச் சிலந்தி தமிழ்நாட்டிலிருந்து 1980 களிலேயே ஒழிந்தது. இந்தியா முழுவதும் அந்நோய் நீங்கிய நாடென்று 2000 இல் சான்று பெற்றது. இஃது எளிய வெற்றியன்று.

ஆனால் கிருமிக்கு அஞ்சிக் கீழே போனவர்கள் பாறையின் நஞ்சை மேலே கொண்டுவந்தார்கள். வேளாண்மைக்கும் போர் போடப் போட நிலத்தடி நீர்மட்டம் தாழ்ந்தது. மட்டம் தாழத் தாழ இன்னும் ஆழமாகத் துளைத்தார்கள். ஆழத்து நீர் பாறையோடு நெடுநாள் உறவாடிய நீர். இதில் எவரையும் குற்றவாளியாக நிறுத்த எனக்கு மனமில்லை. கைப்பம்பைக் கண்டு மகிழ்ந்த தாய்மார் செய்ததும் சரி. அதை நட்ட பொறியாளர் செய்ததும் சரி. நீரில் கிருமி இருக்கிறதா என்று சோதித்த கை, புளோரைடு இருக்கிறதா என்றும் சோதித்திருக்க வேண்டும். அந்த ஒன்றுதான் நெடுங்காலம் நடக்கவில்லை. அதுவும் கிண்டியில் 1937 இலேயே செய்தி வெளியான ஒரு மாகாணத்தில்!

குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை புளோரைடு இருக்கலாம், மாற்று நீர் கிடைக்காத இடத்தில் 1.5 மில்லிகிராம் வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். உலகச் சுகாதார நிறுவனமும் 1.5 என்னும் எல்லையையே சொல்கின்றது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பல ஊர்களின் போர் நீர் இந்த எல்லையைத் தாண்டியிருந்தது. நீரிலிருந்து புளோரைடைப் பிரிப்பதற்கு நாகபுரியிலுள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிலையத்தார் 1970 களில் ஒரு முறையைக் கண்டுபிடித்தனர். படிகாரத்தையும் சுண்ணாம்பையும் அளவறிந்து கலந்து, கலக்கித் தெளியவைப்பது அம்முறை. நோய் மிகுந்த ஊரின் பெயரால் அதற்கு நல்கொண்டா முறை என்று பெயர். முறை நல்லதே. ஆனால் நாள்தோறும் அளவு தவறாமல் செய்ய ஆள் வேண்டும். அளவு தவறினால் அலுமினியம் நீரில் தங்கும். இவ்வகைக் கருவிகள் கிராமங்களில் அமைக்கப்பட்ட சில ஆண்டுகளில் பழுதாகிக் கிடப்பது இந்தியாவெங்கும் காணும் காட்சி.

ஓக்லி ஊரார் அன்று செய்ததைத் தருமபுரி 2013 இல் செய்தது. ஒகேனக்கல்லில் காவிரி நீரை எடுத்துச் சுத்தப்படுத்தி, மேட்டுநிலத்துக்கு ஏற்றி, இரு மாவட்டங்களின் நகரங்களுக்கும் ஆயிரக்கணக்கான குடியிருப்புகளுக்கும் குழாய்வழி கொண்டுபோகும் திட்டத்துக்கு 2008 இல் அடிக்கல் நாட்டப்பட்டது. ஜப்பான் நாட்டுக் கடனுதவியோடு, ஏறத்தாழ 1,900 கோடி ரூபாய்ச் செலவில் அது நிறைவேறி, 2013 இல் தொடங்கிவைக்கப்பட்டது. கருநாடகத்தோடு எழுந்த பூசலை இங்கே விரிக்கவில்லை. திட்டத்தின் முழுப்பெயரை மட்டும் கவனியுங்கள்: ஒகேனக்கல் குடிநீர் வழங்கல் மற்றும் புளோரோசிஸ் தணிப்புத் திட்டம். நோயொன்றின் பெயரைத் தன் பெயரிலேயே தாங்கிய குடிநீர்த் திட்டம் நம் மாநிலத்தில் வேறொன்று உண்டா என்று நான் அறியேன்.

சரி, ஏற்கெனவே உடலில் சேர்ந்த நஞ்சு என்னாகும்? அதை உணவால் வெளியேற்றலாமா? இதுதான் நாம் தொடங்கிய கேள்வி.

குடித்த புளோரைடில் பெரும்பகுதி இரைப்பையிலும் குடலிலும் உறிஞ்சப்பட்டு இரத்தத்தில் கலக்கின்றது. வளர்ந்தவர் உடலில் அதில் ஏறத்தாழப் பாதியைச் சிறுநீரகங்கள் ஓரிரு நாளில் வெளியே தள்ளிவிடுகின்றன. எஞ்சியதில் ஏறக்குறைய முழுவதும் எலும்புக்கும் பல்லுக்கும் போய்ச் சேர்கின்றது. குழந்தைகளுக்கு எலும்பு வளரும் பருவமாதலால் அவர்கள் உடலில் தங்கும் பங்கு இன்னும் அதிகம். எலும்பில் புகுந்த புளோரைடு, எலும்பு தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளும்போதுதான் சிறிது சிறிதாக விடுபடும். அதற்குப் பல ஆண்டுகள் ஆகும். மூன்று நாள் பழச்சாற்றால் ஆவதொன்றுமில்லை. புதிய நஞ்சு வருவது நின்றால்தான் பழையது குறையத் தொடங்கும். ஆகவே இயற்கையான சுத்தி என்று ஒன்று உண்டென்றால், நல்ல நீரைக் கொடுத்துச் சிறுநீரகத்தை அதன் வேலையைச் செய்யவிடுவதே முதற் சுத்தி. சிறுநீரகம் பழுதுபட்டவருக்கு இந்நோய் விரைவில் முற்றுவதும் இதனாலேதான்.

உணவு செய்யும் உதவி இரண்டு வகையானது. ஒன்று, நஞ்சு குடலிலிருந்து இரத்தத்துக்குப் போகாமல் தடுப்பது. பாறையில் சுண்ணாம்பு செய்யும் வேலையையே குடலிலும் சுண்ணாம்புச் சத்து செய்கின்றது. உணவிலுள்ள சுண்ணாம்புச் சத்தோடு புளோரைடின் ஒரு பகுதி சேர்ந்து, கரையாப் பொருளாகி, மலத்தோடு போய்விடும். 1973 இல் ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்து ஆய்வாளர்கள், நல்கொண்டாப் பகுதிச் சிறுவர்களின் முழங்கால்கள் உள்நோக்கி வளைந்து முட்டிக்கொள்ளும் கொடுமையை உலகுக்குத் தெரிவித்தார்கள். சோளமே முதன்மை உணவாக, பாலும் கீரையும் அரிதாக வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். கேழ்வரகிலோ நூறு கிராமுக்கு ஏறத்தாழ 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கின்றது. அரிசியில் அதில் சிறுபகுதியும் இல்லை. கேழ்வரகுக் களியைக் கைவிட்டு அரிசிச் சோற்றுக்கு மாறுவதை நாகரிகம் என்று கருதிய வீடுகள் தருமபுரியில் பல உண்டு. அந்த மாற்றம் நிகழ்ந்ததும், போர் நீர் பெருகியதும் ஒரே காலம். இரண்டையும் சேர்த்து நினைக்கும்போது எனக்கு வருத்தமே மிகுகின்றது.

களியின் புகழை இப்படிச் சொல்லும்போதே ஒரு தடையையும் சொல்லவேண்டும். களியும் கூழும் நிறைய நீரை உறிஞ்சிக்கொண்டு வேகும் உணவுகள். உலையில் ஊற்றிய நீர் போர் நீரானால், அதன் புளோரைடும் களியோடு வயிற்றுக்குள் போகும். குடிப்பதற்கு மட்டும் காவிரி நீரை வைத்துக்கொண்டு, சமையலுக்குப் பழைய போர் நீரையே எடுப்பவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். கொதிக்கவைத்தால் போய்விடும் என்று சொல்வாரும் உளர். கொதியில் கிருமி சாகும், புளோரைடு சாகாது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடத்தான் செய்யும். தேயிலைச் செடி மண்ணிலிருந்து புளோரைடை ஈர்த்து இலையில் சேர்த்துவைக்கும் இயல்புடையது. ஆதலால் இவ்வூர்களில் குழந்தைகளுக்குத் தேநீர் கொடுத்துப் பழக்குவதும் நன்றன்று.

உணவின் இரண்டாவது உதவி, உடலிலிருந்து வெளியேறுவதைக் கூட்டுவது. இதில் கேட்டவுடன் வியப்பைத் தரும் செய்தி புளியைப் பற்றியது. அதே ஐதராபாத் நிறுவனத்தார், முதலில் நாய்களிடமும் பின்பு சிறுவர்களிடமும் புளியைச் சோதித்துப் பார்த்தார்கள். சிறுவர்களுக்கு நண்பகல் உணவோடு நாளொன்றுக்கு 10 கிராம் புளி வீதம் 18 நாள்கள் கொடுத்தனர். ஒரு நாளைக்குச் சிறுநீரில் வெளியேறிய புளோரைடு 3.5 மில்லிகிராமிலிருந்து 4.8 மில்லிகிராமாக உயர்ந்தது. 2002 இல் இவ்வாய்வு வெளியாயிற்று. சாலைதோறும் புளியமரம் நிற்கும் மாவட்டத்தாருக்கு இது மகிழ்ச்சி தரும் செய்திதான். ஆனால் கணக்கைச் சரியாகப் போடவேண்டும். 18 நாளில் சிலருடைய சிறுநீரில் கண்ட உயர்வு அது. வளைந்த முதுகு நிமிர்ந்தது என்றோ, கறைப்பல் வெளுத்தது என்றோ அந்த ஆய்வாளர்கள் சொல்லவில்லை. புளிக்குழம்பை உண்டுகொண்டே புளோரைடு நீரையும் குடித்தால், ஒரு கையால் இறைத்துக்கொண்டே மறு கையால் ஊற்றுவது போலாகும்.

முருங்கை விதை, துளசியிலை, மண்பானை என்று நீரைச் சுத்தம் செய்யும் வீட்டு வைத்தியங்கள் பல சொல்லப்படுகின்றன. முருங்கை விதை கலங்கல் நீரைத் தெளியவைக்கும் என்பது உண்மை. ஆனால் குழந்தைக்குக் கொடுக்கும் நீரைச் சோதனை செய்யாமல் இவற்றை நம்புவதை நான் ஒப்பமாட்டேன். நீரைச் சோதிக்கும் சிறு கருவிப்பெட்டிகள் இப்போது பள்ளிக் கூடத்திலேயே வைத்துக்கொள்ளும் அளவுக்கு எளிமையாகிவிட்டன. கல்லூரியில் இரசாயனம் படிக்கும் மாணவர்கள் தம் ஊர்க் கிணறுகளையும் போர்களையும் கோடையில் ஒருமுறையும் ஐப்பசி மழைக்குப் பின் ஒருமுறையும் சோதித்து, அளவுகளை ஒரு நோட்டில் எழுதிவரலாம். மழைநீர் புளோரைடு ஏறக்குறைய இல்லாத நீர். ஏரி நிரம்பிய ஆண்டில் அதன் அருகிலுள்ள கிணற்றில் அளவு குறைகிறதா என்பது அந்த நோட்டிலிருந்து தெரியும்.

காவிரி நீர் வந்த 2013 இல் பிறந்த குழந்தைகள் இப்போது ஆறாம் வகுப்பையும் தாண்டிவிட்டார்கள். அவர்களுடைய முன்வரிசை நிலைப்பற்கள் முளைத்துவிட்டன. இந்தப் பற்கள், குழாய் நீர் ஊருக்கு வந்தபின் ஈறுக்குள் உருவானவை. குழாயில் நீர் ஒழுங்காக வந்த தெருவில் வளர்ந்த பிள்ளையின் பல்லும், நீர் நின்றுபோன நாள்களில் பழைய பம்புக்கே குடத்தைத் தூக்கிச் சென்ற தெருவில் வளர்ந்த பிள்ளையின் பல்லும் ஒன்றுபோல் இருக்க வழியில்லை. தருமபுரிப் பள்ளியாசிரியர் எவரும் தம் வகுப்பறையிலேயே, பிள்ளைகளை வாய்விட்டுச் சிரிக்கச் சொல்லி, இதை இன்றே பார்த்துவிடலாம்.